இடுப்பளவு பச்சை

அத்தியாயம் 14

குளியலறையில் வெந்நீர் தீர்ந்துபோயிருந்தது.

பெரியவள் குழாய்க்கு அடியில் கையை நீட்டினாள். ஜில்லென்று வந்ததும் இழுத்துக்கொண்டாள். ஒரு மனுஷி குளிப்பதற்கு எவ்வளவு வெந்நீர் வேண்டும்? வந்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் வெந்நீர் போயிற்று, பீரோவில் மடித்து வைத்திருந்த நல்ல துவாலை போயிற்று, ஜன்னலோரக் கட்டிலும் போயிற்று.

கட்டிலை யாரும் பிடுங்கவில்லை, உண்மைதான். "அக்கா, எனக்கு இங்க படுத்தாத்தான் கடல் சத்தம் கேக்கும்" என்றாள் குட்டி. உடனே பெரியவளே தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

குட்டிக்கு வயது நாற்பத்து மூன்று. இன்னும் குட்டிதான். பெரியவளுக்குச் செல்லப்பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. குட்டி பிறப்பதற்கு முந்தைய ஐந்து வருஷம் தன்னை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவள் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். நினைவுக்கு வந்ததில்லை.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. கடலைப் பார்த்த இந்த வீட்டை இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். போன வாரம் வீடு பார்க்க வந்த பேக்கரிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வீடு பிடித்துப்போய்விட்டது என்று தரகர் போன் பண்ணினார். மறுநாளே குட்டி இரண்டு பெட்டிகளோடு பேருந்து ஏறிவிட்டாள். வேறு ஊரில் தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்து முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறாள். மாதக் கடைசிக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் அந்த வீடு கைவிட்டுப் போகும். பெரியவளுக்கும் ஒரு ஆசை உண்டு. அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது. முதலாளி அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்.

ஆக, இந்த வீடு விலை போனால்தான் இருவருக்கும் விடியும். இன்று மாலை நாலு மணிக்குப் பேக்கரிக்காரர் தன் இன்ஜினீயரோடு வருகிறார். அதற்குள் ஒரு படிவத்தை நிரப்பி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அந்தப் படிவம் நாலு நாளாகச் சமையலறை மேஜையில் கிடக்கிறது. பெரியவள் அதன்மேல் தினமும் டீக்கோப்பையை வைத்துக் குடித்தாளே தவிர, பதினொன்றாவது கேள்வியைத் தாண்டவில்லை.

பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தபோது குட்டி மேஜையருகே உட்கார்ந்து தரகர் அனுப்பிய செலவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். தலையில் அந்த நல்ல துவாலை.

"என்னக்கா இது? அலைத்தடுப்புச் சுவர் உறுதியா இருக்குன்னு ஒரு சான்றிதழ். வாசல்ல இருந்து அலை எவ்வளவு தூரம்னு அளக்க ஒரு சர்வேயர். உப்புக்காத்து வயரை அரிச்சிருக்கான்னு பாக்க ஒருத்தர். இதுக்கெல்லாம் நாமதான் பணம் கட்டணுமா?"

"பின்னே? விக்கிறது நாமதானே."

"வீட்டை விக்கிறோமா, வீட்டுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறோமா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குட்டி எதைச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இதே பட்டியலைப் பெரியவள் நேற்று கடை முதலாளியிடம் சொன்னபோது அவர் கொட்டாவி விட்டார்.

"சரி, ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்" என்றாள் குட்டி.

பாதி. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூரைக்கு ஓடு மாற்றி, துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளைச் சுரண்டி எண்ணெய் போட்டு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுத்துக்கொண்டு அலைந்தது ஒருத்தி. ஆனால் செலவு பாதி, வரவும் பாதி. எவ்வளவு நியாயமான பெண் என்று நினைத்துக்கொண்டே பெரியவள் டீயில் சர்க்கரையைக் கூடப் போட்டுவிட்டாள்.

"அக்கா, உனக்கு ஒண்ணு காட்டவே மறந்துட்டேன்." குட்டி போனை நீட்டினாள். "எங்க ஹால். எப்படி இருக்கு?"

படத்தில் குட்டி இப்போது குடியிருக்கும் ஏழாவது மாடி வீட்டின் வரவேற்பறை தெரிந்தது. நாற்காலி, சோபா, செடி. சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்குக் கரும்பச்சை, அதற்கு மேலே வெண்ணெய் நிறம். அச்சு அசலாக இந்த வீட்டு ஹால்.

"நம்ம பச்சைதான். போன தடவை வந்தப்ப டேப் வச்சு அளந்துட்டுப் போனேன். மூணு அடி நாலு அங்குலம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தச் சுவரைத்தான் முதல்ல கேக்கறாங்க. உனக்கு நல்ல ரசனைக்கா."

பெரியவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.

அந்தப் பச்சையின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் நேரம். புயல் எங்கோ தூரத்தில் கரை கடந்துகொண்டிருந்தது. இங்கே கடல் மட்டும் பொங்கி, அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, சாலையைத் தாண்டி, அழைத்து வந்த விருந்தாளிபோல வாசல் வழியாக நேரே ஹாலுக்குள் வந்தது. பெரியவளின் இடுப்பு வரை வந்து நின்றது. நாலு மணி நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

தண்ணீர் போய்விட்டது, உப்பு போகவில்லை. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் பத்தே நாளில் சுவரில் உப்புப் பூத்து, தண்ணீர் நின்ற கோடு திரும்பவும் தெரிந்தது. கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். அந்தக் கோடு வரைக்கும் அழுத்தமாக ஒரு நிறத்தை அடித்துவிட்டால் பார்ப்பவர்கள் அழகுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது பெரியவள். அதில் அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. ஏனென்றால் அந்த ஹாலில் அதற்கு முன்பே முழங்கால் அளவுக்கு நீலம் இருந்தது. குட்டியின் நீலம்.

இருபத்தாறு வயதில் பெரியவள் மூக்குக் கண்ணாடித் தொழில் படிக்க வேறு ஊருக்குப் போயிருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. முடித்ததும் அங்கேயே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அப்போதுதான் கடிதம் வந்தது. அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துவிட்டது. மூன்று மாதம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று வந்தாள். அந்த மூன்று மாதம்தான் இருபத்திரண்டு வருஷமாயிற்று.

வந்து இறங்கிய அன்று ஹாலைப் பார்த்தாள். முழங்கால் அளவுக்குச் சுற்றிலும் நீலம். "குட்டி ஆசைப்பட்டா" என்றார் அப்பா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. பெரியவள் பள்ளியில் படித்தபோது சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட விட்டதில்லை அந்த மனுஷர். தங்கை ஆசைப்பட்டாள் என்று ஹாலுக்கே நீலம் அடித்திருக்கிறார். அந்த வருஷமே குட்டி கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். நீலம் மட்டும் போகவில்லை. தினமும் கூட்டும்போதும் துடைக்கும்போதும் பெரியவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சை அடிக்கும்போது அந்த நீலத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றாள் அவள். அப்பா விடவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். மேலயே அடிச்சிடு" என்றார். குட்டியின் நீலத்தின் மேல் ஒரு கீறல்கூடப் படக் கூடாது போலிருக்கிறது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தாள்.

அந்தப் பச்சையைத்தான் குட்டி டேப் வைத்து அளந்துகொண்டு போய் ஏழாவது மாடியில் அடித்து வைத்திருக்கிறாள். போன வாரம் பேக்கரிக்காரரின் மனைவியும் அதைத்தான் தடவிப் பார்த்து, "இந்த ஒரு சுவருக்காகவே வாங்கலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

படிவத்தை நிரப்ப இருவரும் போன வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் அவர் மேஜைமேல் இருந்த பேனா லேசாக உருண்டது. ஐம்பத்தைந்து வயதுக்காரர். படிவத்தின்மேல் இருந்த டீ வட்டங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வேறு புதுப் படிவம் எடுத்தார்.

"நான் கேள்வியைப் படிக்கிறேன். நீங்க பதில் சொல்லுங்க. பெரியவங்க எழுதட்டும்" என்று பேனாவைப் பெரியவளிடம் தள்ளினார். "ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கடலோர வீடுங்கறதால கேள்வி ஜாஸ்தி. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா தப்பே இல்ல. தெரிஞ்சதை மறைச்சா, வாங்கினவங்க அஞ்சு வருஷம் கழிச்சுக்கூட வந்து கேக்கலாம். வித்த காசும் போகும், உங்க சேமிப்பும் போகும். கையெழுத்துப் போடற ரெண்டு பேரும் பொறுப்பு."

கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, கூரையில் கறையான் உண்டா, கரையோர எல்லைக்கல் மனைக்கு உள்ளேயா வெளியேயா. பத்து கேள்விகள் சுலபமாகப் போயின. எல்லாவற்றுக்கும் பெரியவள்தான் பதில் சொன்னாள். குட்டி தலையாட்டினாள்.

"பதினொண்ணு. உங்களுக்குத் தெரிந்த வரையில், எப்போதாவது கடல்நீர் வீட்டுக்குள் புகுந்தது உண்டா? உண்டு என்றால் எத்தனை முறை, எவ்வளவு உயரம்?"

"இல்ல" என்றாள் குட்டி. கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

வக்கீலம்மா பெரியவளைப் பார்த்தார். கீழே இயந்திரம் ஓடியது. பேனா உருளவில்லை. அது பெரியவளின் கையில் இருந்தது.

ஆம் என்று எழுதினால் விலை விழும். பேக்கரிக்காரர் போயே போய்விடலாம். கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளும் போகும். அது தெரிந்துதான் நாலு நாளாகத் திணறிக்கொண்டிருந்தாள். ஆனால் குட்டியின் தோட்டமும் போகும். இன்று காலையிலிருந்து, பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்த நிமிஷத்திலிருந்து, இந்த இரண்டாவது எண்ணம் அவளுக்குள் சர்க்கரைபோல இனித்துக்கொண்டிருந்தது.

"உண்டு" என்று எழுதினாள். "ஒரு முறை. மூன்று அடி நான்கு அங்குலம்."

எழுத்து கோணாமல் வந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. உண்மை சொல்கிறவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா?

குட்டி எட்டிப் பார்த்தாள். படித்தாள். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"எப்போ?" என்றாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி. பச்சை அடிக்கறதுக்கு முந்தி."

"இருக்காது. வந்திருந்தா அப்பா எங்கிட்ட சொல்லியிருப்பார்."

"சொல்லல."

"எங்கிட்டயா?" என்றாள் குட்டி. யாரோ அவளைக் கேட்காமல் அவள் பெட்டியைத் திறந்துவிட்டதுபோல இருந்தது அவள் குரல்.

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "பன்னிரண்டு. நீர் புகுந்ததால் வீட்டில் யாருக்காவது காயமோ உயிராபத்தோ ஏற்பட்டது உண்டா?"

"இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் பெரியவள்.

குட்டி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும்போது தன் பெயரின் கடைசி எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்து முடித்தாள்.

வெளியே வந்து கடலோரச் சாலையில் இருவரும் நடந்தார்கள். ஒரு பக்கம் அலைத்தடுப்புச் சுவர், இன்னொரு பக்கம் வண்டிகள். வீடு வரை பதினைந்து நிமிஷ நடை. ஐந்து நிமிஷம் குட்டி பொறுத்தாள்.

"நாலு நாள் இருந்துச்சு உனக்கு. ஒரு போன் பண்ணியிருக்கலாம். காலையில சுவர் படத்தைக் காட்டினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். வக்கீல் முன்னாடி வச்சுத்தான் சொல்லணுமா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியாம இல்ல. உனக்குப் பொறாமைக்கா. எனக்குத் தோட்டம் வந்துடக் கூடாது."

பெரியவள் நின்றுவிட்டாள். மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஆமா, பொறாமைதான். நீ சொல்றது சரி. சின்ன வயசுல இருந்தே இருக்கு. இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் பூட்டி வைத்த வார்த்தை இவ்வளவு சாதாரணமாக வெளியே வந்துவிட்டது. "நீ ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் போன்ல பேசுவே. அதை அவர் சனிக்கிழமை வரைக்கும் வச்சு வச்சுப் பேசுவார். குட்டி இப்படிச் சொன்னா, குட்டி அதுக்கு அப்படிச் சிரிச்சா. நான் தினம் மூணு வேளை அவர்கிட்ட பேசினேன். அதை அவர் யார்கிட்ட சொன்னார்?"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"தண்ணி வந்த அன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதான். நீ போன் பண்ணினே. அவர் மாடிப்படியில உக்காந்துக்கிட்டு உங்கிட்ட பேசினார். நான் கீழ தண்ணிக்குள்ள நின்னு மிதக்கற செருப்பையும் பாத்திரத்தையும் பொறுக்கிட்டு இருந்தேன். சத்தம் போடாதேன்னு கையைக் காட்டினார் எனக்கு. குட்டிக்குக் கேட்டுடுமாம்."

குட்டி தடுப்புச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அன்னைக்கு வெயில் சுள்ளுன்னு அடிக்குதுன்னு சொன்னார்" என்றாள். "கொல்லையில துணி காயுதுன்னார்."

"ம்."

"எங்கிட்ட சொல்றதாத்தானே…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. "தண்ணி வந்தா எங்கிட்ட சொல்லியிருக்கணும். எங்கிட்டதான் சொல்லியிருக்கணும்."

"ஏன், உங்கிட்டதான்னு என்ன? நீ வந்து தண்ணி இறைச்சிருப்பியா?"

வேண்டுமென்றே சுடச்சுடக் கேட்டாள். குட்டி பதிலுக்குச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். குட்டி போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். அவள் அழுகிறாள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

என்ன திமிர் என்றுதான் பெரியவள் அப்போது நினைத்தாள். அப்பா ஒரே ஒரு விஷயத்தை இவளிடம் சொல்லவில்லை. அதற்கே இப்படி. ஆனால் அந்த நினைப்புக்குப் பின்னால் இன்னொன்றும் ஓடியது. அந்தத் தண்ணீர் அப்பாவுக்கும் தனக்கும் மட்டும் சொந்தம். குட்டிக்கு இல்லாதது தன்னிடம் ஒன்றாவது இருக்கிறது. இந்தக் கடலோரத்தில் அவளுக்கு வேறென்ன மிச்சம்?

நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார்கள். பேக்கரிக்காரர் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி வந்ததும் வராததுமாகப் பச்சைச் சுவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்ஜினீயர் ஒல்லியான மனுஷர். உட்காராமல் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தார்.

பெரியவள் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சொல்ல வேண்டியதை மத்தியானம் முழுக்கச் சமையலறையில் நின்று மனப்பாடம் பண்ணியிருந்தாள். கையொப்பமிடுவதற்கு முன் தாங்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. வாக்கியம் நீளமாக, ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகைபோல இருந்தது. ஆனாலும் தயாராக இருந்தது.

"கையொப்பமிடுவதற்கு…" என்று தொடங்கினாள்.

"இந்தப் பச்சை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு இல்ல?" என்றாள் குட்டி, அந்த அம்மாளைப் பார்த்து.

"ஆமாம்மா. அன்னைக்குப் பார்த்ததுல இருந்து கண்ணுக்குள்ளயே நிக்குது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அளவெடுத்துட்டுப் போய் எங்க வீட்டுலயும் அடிச்சேன். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது, அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி கடல்தண்ணி வந்து நின்ன உயரமாம். அது தெரியாம நான் ஏழாவது மாடியில கடல் மட்டம் வரைஞ்சு வச்சுக்கிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசிட்டு இருக்கேன்."

பேக்கரிக்காரரும் இன்ஜினீயரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேக்கரிக்காரர் சிரித்தார். அவர் மனைவி சுவரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பேக்கரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"விலையைக் கொஞ்சம் பேசணும்" என்றார். "ஆனா போயிட மாட்டோம். இதுக்கு முன்னாடி நாலு வீடு பார்த்தோம். எல்லாரும் ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லைன்னு சத்தியம் பண்ணினாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா நேராச் சொன்னீங்க."

நீங்க என்று அவர் சொன்னது குட்டியைப் பார்த்து.

பெரியவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தண்ணீரில் நின்றது யார்? நாலு நாள் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி, கையிலிருந்த இரண்டு அறையையும் பணயம் வைத்து எழுதியது யார்? தன்னிடம் இருந்த ஒரே ஒரு விஷயம். அதையும் எடுத்து, இரண்டு வரியில் வேடிக்கையாகச் சொல்லி, நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டாளே. விற்பனை கெடவில்லை என்று நிம்மதிகூட வரவில்லை அவளுக்கு. அந்த நிமிஷத்தில் வீடு விற்காமலே போயிருக்கலாம் என்றுதான் இருந்தது.

"இங்க கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா?" என்றார் இன்ஜினீயர். வாசலுக்குப் பக்கத்து மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"தாராளமா" என்றாள் பெரியவள். குட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

சாவியின் முனையால் அவர் கீறினார். பச்சை செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் நீலம் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் நேர்கோடாக வந்து நின்றது.

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் அந்த நீலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது எதுக்கு அடிச்சது?"

"அது சும்மா அழகுக்கு" என்றாள் பெரியவள். "இவ ஆசைப்பட்டான்னு எங்கப்பா அடிச்சது. ரொம்ப வருஷமாச்சு."

இன்ஜினீயர் நீலத்தையும் கீறினார். அதற்கு அடியில் காரை இல்லை, வெறும் மாவு. பொலபொலவென்று அவர் ஷூவின்மேல் கொட்டியது. ஒரு துளியை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "மேல இருக்கற பூச்சுக்கு ஆறு வருஷம் சரி. இது ரொம்பப் பழசு. இந்தக் கோடு வரைக்கும் முன்னாடியே ஒரு தடவை தண்ணி நின்னிருக்கு. நீங்க ஒரு முறைன்னு எழுதியிருக்கீங்களே?"

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த அம்மாள் நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள்.

பெரியவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கறையை மறைக்க அது வரைக்கும் அழுத்தமாக ஒரு நிறம். அந்த வேலையை அவளே தன் கையால் செய்திருக்கிறாள். வழி சொன்னது அப்பா. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீலத்தைச் சுரண்டாதே என்றாரே, அது எதற்கு என்றும் கேட்டதில்லை. அவளுக்குத்தான் காரணம் தெரிந்திருந்ததே. குட்டி செல்லம். இருபத்திரண்டு வருஷம் பொறாமைப்பட்டதில் சந்தேகப்பட நேரமில்லாமல் போய்விட்டது.

மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ அப்ப ஊர்ல இல்லக்கா" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நானும் அப்பாவும்தான் இருந்தோம். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். இனிமே எப்ப தண்ணி வந்தாலும் எங்கிட்ட மட்டும்தான் சொல்றதா எனக்கும் சத்தியம் பண்ணினார். அதான் காலையில…" அவள் மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டாவது தடவை வந்தப்ப எங்கிட்ட சொல்லலையேன்னு வயிறு எரிஞ்சுச்சு. உம்மேலதான்."

பெரியவள் மறுபடியும் சுவரைப் பார்த்தாள். மத்தியானம் வரை தனக்கு மட்டும் சொந்தமாக இருந்த தண்ணீர் இது. அதிலும் இவள் முந்திக்கொண்டாள். ஆனால் இவளும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே முட்டின. எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குட்டி பேக்கரிக்காரரிடம் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். மேஜைமேல் வைத்து, பதினொன்றாவது கேள்விக்கு நேரே அக்கா எழுதியிருந்த "ஒரு முறை"யை அடித்தாள். "இரண்டு முறை" என்று எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பேனாவைக் கீழே வைப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வைக்கவில்லை. பேனா அடுத்த வரிக்கு இறங்கியது. பன்னிரண்டாவது கேள்வி. யாருக்காவது காயமோ உயிராபத்தோ ஏற்பட்டது உண்டா?

பெரியவள் "இல்லை" என்று எழுதியிருந்தாள். குட்டி அதையும் அடித்தாள். "உண்டு" என்று எழுதினாள்.

"என்னடி பண்றே?" என்றாள் பெரியவள். "யாருக்குக் காயம்?"

குட்டி இப்போதுதான் நிமிர்ந்து அக்காவின் கண்ணைப் பார்த்தாள்.

"அப்பா கால் மாடிப்படியில ஒடியலக்கா."